புத்தகத்தை மூடி வைத்துப் படிப்பது

(பொதுத்தேர்வு எழுதவிருக்கும் நம் வளாகத்துப் பிள்ளைகளுக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும் சங்கத்தின் சார்பில் சமூகக் கூடத்தில் ஒரு மாலைக் கூட்டம் நடந்தது. அதில் சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம் இது. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சார், பிள்ளைகளுக்கு நாலு டிப்ஸ் கொடுங்கள், அரை மணி நேரம் போதும்" என்றார். நாலு டிப்ஸ் என்றால் உங்கள் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் ஏற்கெனவே நாற்பது இருக்கும். வல்லாரைக் கீரை, பாதாம் பருப்பு, காலை நாலு மணிக்கு எழுந்திருப்பது என்று. நான் அவற்றைச் சொல்லப்போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன். உங்களுக்கு உபயோகப்பட்டால் சந்தோஷம்.

இந்த ஒரு மாதமாக ராத்திரி பதினோரு மணிக்கு நான் பால்கனியில் நின்றால், டி பிளாக் பக்கமிருந்து ஒரு குரல் கேட்கிறது. யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல மாட்டேன். "இரட்டைச் சுற்றோட்டம் எனப்படுவது... இரட்டைச் சுற்றோட்டம் எனப்படுவது..." என்று ஒரே வரியைப் பத்து தடவை, இருபது தடவை. எனக்கு அந்தக் குரல் புதிதில்லை. பதினோரு வருடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், நெல்லிவாசல்நாட்டில்.

நெல்லிவாசல்நாடு எங்கே இருக்கிறது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஏலகிரிக்கு எல்லோரும் போயிருப்பீர்கள். அதே திருப்பத்தூரிலிருந்து இன்னொரு பக்கம் ஏறினால் ஜவ்வாது மலை. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடுகள் அங்கே உண்டு. நாடு என்றால் சின்னச் சின்ன ஊர்கள் சேர்ந்த ஒரு தொகுதி, இன்றைய கணக்கில் ஓர் ஊராட்சி. நான் போனபோது அது வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. அங்கே இருப்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்காதீர்கள். மலையை ஆள்கிறவர்கள், பேசுவது தமிழ். சாமை விதைப்பார்கள், புளி உலுக்குவார்கள், தேன், கடுக்காய் எடுப்பார்கள். அறுவடை முடிந்ததும் பிழைப்புக்காகக் குடும்பத்தோடு காபித் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் நிறைய. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அங்கே ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தேன். ஆள் பற்றாக்குறையில் கணக்கும் சில வருடம் எடுத்தேன். மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் வராண்டாவில் வரிசையாக உட்கார வேண்டும். ஒன்பது மணி வரை சத்தமாகப் படிக்க வேண்டும். கரண்ட் போனால் எமர்ஜென்சி லைட். மார்கழி, தை மாதக் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடி ஆடிப் படிப்பார்கள். அந்தச் சத்தம் மேலே ஊர் வரை கேட்கும். எனக்குப் பெருமையாக இருக்கும். சத்தம் குறைந்தால் பிரம்பை மேசையில் தட்டுவேன். தப்பாக எழுதினால் இம்போசிஷன், பத்து தடவை. இப்படித்தான் நானும் படித்தேன், என் வாத்தியாரும் இப்படித்தான் படித்திருப்பார்.

ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். சத்தத்தில் முதல் சத்தம் அவனுடையதுதான். அரையாண்டுக்கு முன்னால் சமூக அறிவியல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நாலு தடவை முடித்திருந்தான். நான் கண்ணால் பார்த்தேன். திருப்பத்தூருக்குப் போயிருந்த அண்ணனிடம் சொல்லி மஞ்சளும் ரோஸுமாக இரண்டு ஹைலைட்டர் வாங்கி வந்திருந்தான். புத்தகத்தில் கோடு போடாத வரி கிடையாது. பரீட்சையில் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையின் விதிகளைக் கேட்டிருந்தார்கள். இரண்டு வரி எழுதியிருந்தான். அதற்குக் கீழே கேள்வியையே திருப்பி எழுதி வைத்திருந்தான். மொத்தம் 22 மதிப்பெண்.

கூப்பிட்டேன். கோபம்தான். "படிச்சியாடா?"

"படிச்சன் சார்."

"அப்புறம் என்ன இது?"

"படிக்க சொல்ல எல்லாம் தெரிஞ்சிது சார். எழுத சொல்லதான் தெரியில."

வட ஆற்காட்டுப் பேச்சில் 'படிக்க சொல்ல' என்றால் படிக்கும்போது. அவன் சொன்னது பொய்யில்லை. சாக்குமில்லை. இந்த விஷயத்தைப் பற்றி நான் பின்னால் படித்த எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. இம்போசிஷன் கொடுத்தேன். அந்த வருடப் பொதுத்தேர்வில் அவன் சமூக அறிவியலில் ஆறு மதிப்பெண்ணில் தவறினான். என் பாடத்தில்.

நம் வளாகத்தில் ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் வீட்டில் இரண்டு நாள் அழுகை, அப்புறம் ட்யூஷன், துணைத்தேர்வு, வேறு கல்லூரி. வழி இருக்கிறது. மலையில் முடிவு வந்த வாரமே அவன் அப்பா அவனைத் தோட்ட வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணப் பேச்சு ஆரம்பித்திருக்கும். ஆறு மதிப்பெண்ணின் எடை இடத்துக்கு இடம் மாறுகிறது. நான் அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். நாலு தடவை படித்தவனுக்கு ஏன் வரவில்லை?

உங்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். லிஃப்டில் ஒருவரைப் பார்க்கிறீர்கள். முகம் நன்றாகத் தெரிகிறது. மூன்று வருடமாகப் பார்க்கிற முகம். அவர் இறங்கிப் போன பிறகு வீட்டுக்காரம்மா "யாரது?" என்று கேட்டால் பெயர் வரவில்லை. முகத்தை அடையாளம் காண்பது ஒரு வேலை, பெயரை உள்ளேயிருந்து எடுப்பது வேறொரு வேலை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்தாவது தடவை படிக்கும்போது நடப்பது முதல் வேலை. ஒவ்வொரு வரியும் தெரிந்த முகமாக வந்து நிற்கும். "ஆமாம், இது தெரியும், இதுவும் தெரியும்" என்று மனசு சொல்லும். பரீட்சைக் கூடத்திலோ முகம் இல்லை. வெள்ளைத்தாள் மட்டும்தான். அங்கே பெயரை எடுக்க வேண்டும். எடுத்துப் பழகவே இல்லையே, எப்படி வரும்?

இதை அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அதையே நாலு தடவை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரே ஒரு தடவை படித்துவிட்டு, தாளை மூடி, ஞாபகம் இருப்பதை மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நாலு தடவை படித்தவர்கள்தான் ஜெயித்தார்கள். 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61-ல் நின்றார்கள்.

முதல் எண்ணை மறுபடி பாருங்கள், நம்மை ஏமாற்றுவது அதுதான். திரும்பத் திரும்பப் படித்தால் ஐந்து நிமிடத்துக்கு நிஜமாகவே நன்றாக இருக்கும். "அம்மா, எனக்குத் தெரியும்" என்று பிள்ளை சொல்வது உண்மைதான். நீங்களும் புத்தகத்தை வாங்கி ஒரு கேள்வி கேட்பீர்கள், டக்கென்று பதில் வரும். திருப்தியாகத் தூங்கப் போவீர்கள். பரீட்சை ஐந்து நிமிடத்தில் இல்லையே. ஐந்து வாரத்தில் இருக்கிறது.

அடுத்த வருடம் வராண்டாவில் சத்தத்தை நிறுத்தினேன். பிரம்பையும் நிறுத்தினேன். ஒரு பாடத்தை ஒரு தடவை கவனமாகப் படி, புத்தகத்தை மூடு, பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் ஞாபகம் இருப்பதை எழுது, பிறகு திறந்து எது விட்டுப்போனது என்று பார் என்றேன். முதல் பத்து நாள் ரணகளம். யாருக்கும் அரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை. நன்றாகப் படிக்கிற ஒரு பெண் பிள்ளை அழுதே விட்டாள். "சார், முன்னாடி எல்லாம் தெரிஞ்சிது, இப்ப இப்படிப் படிச்சா ஒண்ணும் தெரியாத மாதிரி ஆயிடுச்சி, தலைவேற வலிக்குது." தலைமை ஆசிரியர் சந்தேகமாகப் பார்த்தார். பள்ளிக்கூடம் மயானம் மாதிரி இருக்கிறது என்றார் உடன் வேலை பார்த்த ஒருவர். பெற்றோர் ஒருவர் மலையிறங்கிப் போகிற வழியில் நின்று, "புள்ளைங்க சத்தமே கேக்கலியே, பாடம் நடக்குதா?" என்று விசாரித்தார்.

தலை வலிக்கிறது என்பதுதான் நல்ல அறிகுறி என்று எனக்குப் பிறகு புரிந்தது. கிணற்றில் தண்ணீர் சேந்தினால் தோள் வலிக்கத்தான் செய்யும். சுலபமாகப் போகிற படிப்பு சுலபமாகவே போய்விடுகிறது.

இது ஏதோ அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்த முறை என்று நினைத்துவிடாதீர்கள். உ.வே.சாமிநாதையர் தன் சுயசரிதையில் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மாலையில் வீட்டுக்கு அனுப்புமுன் வாத்தியார் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர் என்று சொல்லி அனுப்புவாராம். மறுநாள் காலையில் வந்ததும் மறக்காமல் சொல்ல வேண்டும். கையில் சீட்டு கிடையாது. இடையில் ஓர் இரவு. என்ன ஒரு வீட்டுப்பாடம் பாருங்கள்! எண்சுவடியை மனப்பாடம் செய்ததைக் கேலி செய்கிறோம். ஆனால் அதில் பாதி நேரம் எடுத்துச் சொல்லிப் பார்ப்பதில்தான் போயிருக்கிறது. நாம் மனப்பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்பதை விட்டுவிட்டோம்.

இப்போது காபித் தோட்டத்துக்கு வருகிறேன்.

அரையாண்டு டிசம்பரில் முடியும். முதல் திருப்புதல் தேர்வு ஜனவரியில். காபி பறிப்பு சரியாக அதே நேரத்தில். ஒவ்வொரு வருடமும் மூன்று நாலு பிள்ளைகள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவர்கள் பெற்றோரோடு கர்நாடகப் பக்கம் போய்விடுவார்கள். பொங்கல் கழித்து வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். நான் சொன்ன அந்த அழுத பெண் பிள்ளை அந்த வருடம் போய்விட்டாள். பையில் புத்தகம் எடுத்துப் போக இடமில்லை, போர்வையும் பாத்திரமும்தான். ஒரு மஞ்சள் பையில் துண்டுச்சீட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நாங்கள் வகுப்பில் எழுதி வைத்தவை. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். போன வருடங்களில் திரும்பி வந்தவர்கள் மாதிரி இவளும் எல்லாம் மறந்து வந்திருப்பாள் என்று நினைத்து, தனியாக ஒரு தேர்வு வைத்தேன். பள்ளியிலேயே இருந்த பல பேரைவிட அதிகம் எடுத்தாள்.

அவள் அம்மா அவளை விட வந்திருந்தார். கேட்டேன். தினமும் ராத்திரி லயத்தில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, அம்மா பைக்குள் கைவிட்டு ஒரு சீட்டு எடுத்துக் கொடுப்பாராம். பெண் கேள்வியைப் படித்துவிட்டு, சீட்டைத் திருப்பாமல் அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டும். சரியாக வந்தால் ஒரு பக்கம், தடுமாறினால் இன்னொரு பக்கம். தடுமாறியவை மறுநாள் மறுபடி வரும். வந்தவை மூன்று நாலு நாள் கழித்துத்தான் வரும். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். யாரும் இல்லை, எல்லாச் சீட்டையும் தினமும் பார்க்க நேரமில்லை, அலுப்பாக இருக்கும், அதனால்தான் என்றார்கள்.

லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972-ல் ஒரு புத்தகம் எழுதி இதே முறையைப் பிரபலமாக்கினார். பெட்டியில் அறைகள் பிரித்து, தெரிந்த சீட்டை அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டே போவது. இன்றைக்கு உங்கள் பிள்ளைகளின் போனில் இருக்கும் எத்தனையோ செயலிகள் அதைத்தான் செய்கின்றன. அதை ஒரு லயத்தில் அடுப்பு வெளிச்சத்தில் இரண்டு பேர் தாங்களாகக் கண்டுபிடித்திருந்தார்கள்.

நான் அந்த அம்மாவிடம், "உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எழுத்து தெரியாது சார். எம்பொண்ணு முழிக்கிறது தெரியாதா?"

இங்கே இருக்கும் பெற்றோர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி என்னிடம் இல்லை. "எனக்கு இந்தக் காலத்து பிசிக்ஸ் தெரியாது சார், தமிழ் மீடியம் தெரியாது, நான் எப்படி உதவுவது?" என்று என்னிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்! ஓம் விதி உங்களுக்குத் தெரிய வேண்டாம். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே "சொல்லு, கேட்கிறேன்" என்று சொன்னால் போதும். எங்கே தயங்குகிறான், எங்கே 'அது வந்து, அது வந்து' என்கிறான், எங்கே உங்கள் முகத்தைப் பார்க்காமல் மேலே பார்க்கிறான் என்பது பெற்றவர்களுக்குத் தெரியாதா?

இடைவெளி விட்டுப் படிப்பதைப் பற்றி இன்னொரு பழைய கணக்கு சொல்கிறேன். எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்தார். புத்தகமாக 1885-ல் வந்தது. பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதே புத்தகத்தில் உள்ள வேறொரு கணக்கு. முதல் நாள் ஒரே மூச்சில் 68 தடவை உருப்போட்டதால் கிடைத்த பலன், மூன்று நாளாகப் பிரித்து 38 தடவை செய்ததிலேயே கிடைத்துவிட்டது. கிட்டத்தட்டப் பாதி உழைப்பு. நம் பிள்ளைகள் "ஸ்டடி ஹாலிடேயில் பார்த்துக்கொள்ளலாம்" என்று 68-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அந்த அம்மாவும் பெண்ணும் வந்துபோன பிறகு, அரசு நமக்கு வைத்திருக்கும் 'திருப்புதல் தேர்வு' என்ற பெயரே எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. நாங்கள் பக்கத்தைத் திருப்பச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர்கள் சீட்டைத் திருப்பாமல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு எழுதப்போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். அளவியல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உருளை, கூம்பு, கோளம், இடைக்கண்டம். வழக்கமாக என்ன செய்கிறோம்? திங்கள் முழுக்க உருளை. செவ்வாய் முழுக்கக் கூம்பு. பத்தாவது கூம்புக் கணக்கைப் போடும்போது பையன் கேள்வியைப் படிப்பதுகூட இல்லை. எண்ணை மட்டும் எடுத்துச் சூத்திரத்தில் போடுகிறான். சந்தோஷமாகப் பத்துக்குப் பத்து. பரீட்சையில் அது கூம்பா, இடைக்கண்டமா என்று யாரும் தலைப்புப் போட்டுக் கொடுப்பதில்லை. எந்தச் சூத்திரம் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே பாதி வேலை. அந்தப் பாதியை அவன் ஒரு நாளும் பழகவில்லை.

ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-ல் இதே மாதிரி கன அளவுக் கணக்குகளை வைத்துப் பார்த்தார்கள். வகைவாரியாகப் பழகியவர்கள் பழகும்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து பழகியவர்கள் 60 தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு. கலந்து பழகியவர்கள் 63. வகைவாரியாகப் பழகியவர்கள் 20. மறுபடி அதே கதைதான். பழகும்போது இனிப்பு, பரீட்சையில் கசப்பு. அதனால் ட்யூஷன் வாத்தியார் ஒரே மாதிரி இருபது கணக்கு கொடுத்தால், அதைக் கத்தரித்துக் கலந்து வைத்துவிடுங்கள். நான் மலையில் பழைய புத்தகங்களின் கணக்குகளைக் கத்தரித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். கையை விட்டு எது வருகிறதோ அதைப் போட வேண்டும். பிள்ளைகள் அதற்கு லாட்டரி டப்பா என்று பெயர் வைத்தார்கள்.

ஹைலைட்டர் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் கீழே ஸ்டேஷனரிக் கடைக்காரர் என்னைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. டன்லோஸ்கி என்பவரும் சக ஆய்வாளர்களும் 2013-ல், பிள்ளைகள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் வைத்துத் தரம் பிரித்தார்கள். முதல் தரத்தில் வந்தவை இரண்டே இரண்டு. தன்னைத்தானே கேட்டுப் பார்ப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது. கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் கடைசித் தரத்தில். கோடு போடுவதை விடச் சொல்லவில்லை. அதோடு படித்து முடித்தாயிற்று என்று நினைக்க வேண்டாம் என்கிறேன்.

தூக்கத்தைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். படித்தது மண்டையில் படிவதில் தூக்கத்துக்குப் பங்கு இருக்கிறது. முழு இரவு விழித்துப் படிப்பவன் வாங்கிய சாமானை வழியிலேயே போட்டுவிட்டு வருகிறான். போன் வேறு அறையில் இருக்கட்டும். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை, உங்களுக்கே தெரியும்.

'இந்தப் பாடம் வராது, விட்டுடலாம்' என்ற வியாதியைப் பற்றி மட்டும் கொஞ்சம். புக் பேக் கேள்விகளை மட்டும் பார்ப்பது, கைடில் ஸ்டார் போட்டவற்றை மட்டும் பார்ப்பது. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குத் தேர்ச்சி பெற அதுவே வழியாக இருக்கலாம், நானும் அப்படிச் செய்ய வைத்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் நன்றாக வரக்கூடிய பிள்ளையை அந்த வழியில் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை. பதினொன்றாம் வகுப்பில் போய் நிற்கும்போது விட்ட பாடங்கள் எல்லாம் கடன்காரன் மாதிரி வாசலில் வந்து நிற்கும்.

எழுதிப் பழகுவதற்கு வருகிறேன். பத்தாம் வகுப்புக்கு மூன்று மணி நேரம். அதற்கு முன் 15 நிமிடம் தருகிறார்கள், 10 நிமிடம் வினாத்தாளைப் படிக்க, 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க. அந்தப் பத்து நிமிடத்தில் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தெரியாத கேள்வியைப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொன்னது, எந்த வரிசையில் எழுதுவது என்று அந்த நேரத்தில் முடிவு செய், தெரிந்ததை மனதுக்குள் தொட்டு வை. இதையும் பழகித்தான் ஆக வேண்டும். வாரத்துக்கு ஒரு முழு வினாத்தாள், மூன்று மணி நேரம், எழுந்திருக்காமல், கடிகாரத்தை வைத்துக்கொண்டு. கை வலிக்கும். டைப் செய்தே பழகிய இந்தக் காலத்துக் கைகளுக்கு இரண்டாவது மணி நேரத்தில் எழுத்து கோணலாகப் போகிறது. மார்ச் மாதத்தில்தான் கை வலி தெரிய வேண்டும் என்பதில்லை.

ஜவ்வாது மலை என்றதும் உங்களில் சிலருக்கு ஸ்ரீபதி ஞாபகம் வந்திருக்கும். மலையை ஒட்டிய புலியூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண். 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றவர். 2024 பிப்ரவரியில் முதலமைச்சர் வாழ்த்தியபோது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. குழந்தை பிறந்து சில நாட்களே ஆன நிலையில் மலையிலிருந்து காரில் சென்னை வந்து தேர்வு எழுதினார். எல்லோரும் அவருடைய துணிச்சலைப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ஒரு வாத்தியாராக எனக்குத் தோன்றியது வேறு. பிரசவமான உடம்போடு கடைசி வாரத்தில் யாரும் புதிதாகப் படித்திருக்க முடியாது. அன்றைக்குத் தாளில் இறங்கியது எல்லாம் மாதக்கணக்கில் முன்னாலேயே உள்ளே உட்கார்ந்துவிட்டவை. நம் பிள்ளைகளுக்கும் தேர்வுக்கு முன்தினம் காய்ச்சல் வரும், அம்மை போடும், வீட்டில் ஏதாவது நடக்கும். நாள் மாறாது.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். தோட்டத்துக்குப் போனவனைத் தேடி நான் போனேன் என்று கதை சொல்ல ஆசைதான், ஆனால் நான் போகவில்லை. அவனாகவே அடுத்த வருடம் வந்தான். வராண்டாவில் சத்தமில்லாமல் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இன்னா சார், எல்லாம் ஊமையாட்டம் கீறாங்க" என்றான். ஒரு மாதம் எங்களோடு இருந்து லாட்டரி டப்பாவில் கைவிட்டுத் துணைத்தேர்வு எழுதினான். 58. விடைத்தாளில் வெர்செய்ல்ஸ் வந்ததா என்று கேட்டேன். வரவில்லையாம். "வந்திருந்தா எழுதியிருப்பன் சார்" என்றான். அந்த விதிகளை அங்கேயே நின்றபடி ஒப்பித்தான். ஒரு வருடத்தை அவன் இழந்தது என்னால்தான் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. இங்கே உங்களிடம்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. மதிப்பெண் குறைந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்ற பயத்தோடு படிக்கிற பிள்ளைக்கு நான் சொன்ன எந்த முறையும் வேலை செய்யாது. சீட்டை எடுத்துக் கேட்கும்போது பதில் வரவில்லையென்றால் முகத்தைச் சுளிக்காதீர்கள். வராதது தெரிந்ததே லாபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பேச்சும் சாப்பாடும் தூக்கமும் மாறியிருந்தால் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 14417 கல்வித் துறை உதவி எண். 14416 மனநலத்துக்கான டெலி மானஸ் எண். இரண்டையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கூடம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஏழு வரை சும்மாதான் இருக்கிறது. ஷட்டில் விளையாடுபவர்கள் மன்னிக்க வேண்டும், தேர்வு முடியும் வரைதான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாடத்துக்கு இருபது சீட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேளுங்கள். செக்யூரிட்டி அண்ணனின் மகளும் பத்தாவதுதான், அவளையும் கூப்பிடுங்கள். பெரியவர்களில் யாருக்கு நேரம் இருக்கிறதோ வந்து உட்காருங்கள், பாடம் தெரிய வேண்டாம். பிஸ்கட் டின் என் வீட்டிலேயே இருக்கிறது, மலையிலிருந்து இறங்கும்போது எடுத்து வந்துவிட்டேன். மூடி கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது.

டி பிளாக் பிள்ளை இங்கே வந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து இரட்டைச் சுற்றோட்டம் என்றால் என்ன என்று சொல்லிவிட்டுப் போ. புத்தகம் வேண்டாம்.